போகி வரை காத்திராதீர்!
மலையூர்க் குளிரில் வெளிச்சுவரைக் காக்கும் முறை

மார்கழி பிறந்துவிட்டால் நம்மவர் கண்கள் தாமாகவே வீட்டுச் சுவர்களின் மீது செல்லும். போகிக்கு முன் ஒட்டடை அடித்து, வெள்ளை பூசி, காவிப் பட்டை தீட்டிப் பொங்கலை வரவேற்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். தஞ்சையிலும் மதுரையிலும் இது மிகப் பொருத்தமே. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, தை வெயில் சுவரை உலர்த்தும் காலமல்லவா அது? ஆனால் உத்தியோக நிமித்தமாகச் சிம்லா முதலிய மலையூர்களில் குடியேறியிருக்கும் நமது அன்பர்கள் இப்பழக்கத்தை அப்படியே அங்கும் கைக்கொண்டால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

இதை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன், பட்டு அறிந்தேன். சிம்லாவில் நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய வாடகை வீடு. முதல் வருஷம், பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாக, நல்ல வெயில் அடித்த ஒரு பகலில் ஆளை வைத்து வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கீழ்ப்பகுதியில் காரை வெடித்திருந்த இடங்களைச் சிமெண்டு பூசி மூடினேன். வீட்டுக்காரரைக் கேட்கவும் இல்லை. அன்றிரவே கடுங்குளிர். ஒரு வாரத்தில் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. சிமெண்டு மட்டும் உறுதியாக நின்றது. அதைக் கண்டு மகிழ்ந்தேன். மூன்றாம் வருஷம் பங்குனியில் அச்சுவர் சற்றே புடைத்தது. தச்சு மிஸ்திரி வந்து சிமெண்டைப் பெயர்த்து, உள்ளிருந்த அடிக்கட்டையில் உளியை வைத்து அழுத்தினார். ஊறிய பிண்ணாக்கில் இறங்குவதுபோல் அது உள்ளே இறங்கிற்று.

"பாபுஜி, இதைப் பனி தின்னவில்லை. தண்ணீர் தின்றது. அது வெளியே போகும் வாசலை அடைத்தவர் நீங்கள்" என்றார் அவர்.

கோடை விடுமுறையில் ஊர் போவதற்கென்று சேர்த்திருந்த பணம் மரத்துக்கும் தச்சுக்கூலிக்கும் போயிற்று. பாட்டியைப் பார்க்கக் குழந்தைகள் அவ்வருஷம் போகவில்லை.

மிஸ்திரி சொன்னதன் உண்மையைச் சற்று ஆராய்வோம். அம்மலையூர்களின் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் என்பது ஒரு மரச்சட்டம். நெடுக்கும் குறுக்குமாகக் கட்டைகள் பொருத்தி, இடைவெளிகளைக் கல்லாலும் மண்ணாலும் நிரப்பி, மேலே மண்சாந்தோ சுண்ணாம்போ பூசுவார்கள். அல்லது பலகையோ நெளிதகரமோ அடிப்பார்கள். ஒட்டுப்போட்ட துணி போல் தோன்றுவதால் இதற்குத் 'தஜ்ஜி' என்று பெயர். பூமி அதிரும்போது இச்சுவர் வளைந்து கொடுக்கும். 2005-ஆம் ஆண்டு காஷ்மீர் பூகம்பத்தில் இவ்வகை வீடுகள் பல நிலைத்து நின்றன. ஆனால் அந்த உறுதி முழுவதும் மரத்தில் இருக்கிறது. மரம் உளுத்தால் சுவரும் போயிற்று, பாதுகாப்பும் போயிற்று.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. பகல் வெயிலில் உருகிய பனி பலகை இடுக்கிலும் காரை வெடிப்பிலும் புகுகிறது. இரவில் உறைந்து, பருத்து, வெடிப்பை அகலமாக்குகிறது. மறுநாள் இன்னும் அதிக நீர் புகுகிறது. ஈரமான சுண்ணாம்பு இறுகுமுன் உறைந்தால் உதிர்வதும் இதனால்தான். ஆகவே உலர்ந்த சுவருக்குக் குளிரால் பெருங்கேடு இல்லை. நனைந்த சுவருக்கே கேடு.

எனவே, வேலைக்குரிய காலம் தை அன்று. புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியுமே. வடக்கே மழைக்காலம் புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். பின்வரும் தெளிந்த வெயில் நாட்களில் சுவர் நன்கு உலரும். அங்குள்ளவர்கள் தீபாவளிக்கு முன்பே வெள்ளையடித்து முடிப்பது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அக்காலத்தில் செய்ய வேண்டியவை சில. முதலில் கூரையோரத்துத் தகரக் கால்வாயில் அடைந்த தேவதாரு இலைகளை வாரி எடுத்துவிடுக. அது அடைபட்டால் கூரை நீர் முழுவதும் சுவரில் வழியும். பின்பு பலகைகளை மென்மையான துடைப்பத்தால் துடைத்து, உலரவிட்டு, வெடிப்புகளில் மக்கு அடைத்து, ஆளிவிதை எண்ணெயோ வர்ணமோ பூசுக. பலகையின் முனைகளை மறவாதீர். மரம் நீரை மிகுதியாகக் குடிப்பது அங்கேதான். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் எண்ணெய் வர்ணம் செவ்வனே காயாது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி வைத்தால் தாமே தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துக. மண்சாந்துச் சுவருக்கு மண்ணும் சுண்ணாம்புமே மருந்து, சிமெண்டு வேண்டா.

குளிர் வந்தபின் செய்யத்தக்கது சிறிதே. சுவரடியில் குவியும் பனியை மரப்பலகையால் ஒதுக்குக. இரும்பு மண்வெட்டி பலகையைக் கீறும். விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்காமல் ஒரு முழம் தள்ளி அடுக்குக. ஒட்டிய பனிக்கட்டியைக் கொந்தாதீர். அதன்மேல் வெந்நீரும் ஊற்றாதீர். அந்நீரே இரவில் மீண்டும் உறையும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. இட்லிப் பானையின் ஆவியும், சோறு வடிக்கும் ஆவியும், அறைக்குள் உலர்த்தும் துணிகளின் ஈரமும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து உள்ளிருந்தே மரத்தை நனைக்கும். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை நாள் முழுவதும் அடைத்து வையாமல், சமையல் முடிந்ததும் கால்மணி நேரமேனும் திறந்து வைத்தல் நலம்.

"வாடகை வீடுதானே, நமக்கென்ன?" என்று சிலர் எண்ணலாம். நாம் வாடகை தருவது வீட்டுக்காரருக்கு. ஆனால் குளிரிலிருந்து நம் குழந்தைகளைக் காப்பது அச்சுவர். ஐப்பசியில் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தீபாவளிக்குள் வேலையை முடித்துவிட்டால், போகியன்று வாசலில் ஒரு கோலமும் நிலையில் ஒரு மாவிலைத் தோரணமும் போதும். மலையூரில் மாவிலை கிடைப்பதுதான் அரிது!