கணிப்பொறிக்குள் அடைபட்ட தமிழ்

மேற்கு மாம்பலத்துக் குடும்பங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியிறுதித் தேர்வு எழுதிய கையோடு தட்டச்சுப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்பப்படாதவர் அவர்களுள் மிகச் சிலரே. ‘லோயர்’, ‘ஹையர்’ இரண்டும் தேறிவிட்டால் பிள்ளைக்கு எங்காவது ஓர் அலுவலகத்தில் நாற்காலி கிடைத்துவிடும் என்பது அந்நாளையப் பெற்றோரின் உறுதியான நம்பிக்கை. நாமும் குருமடம் புகுமுன் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அத்தகைய மாடியறை ஒன்றில் விரல் நோகக் கழித்தோம். ‘யளனக’ என்னும் பொருளற்ற முதற்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம் இடக்கை விரல்களுக்கு இன்றும் வரும்.

அப்படிப்பட்ட நிலையம் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர். கணிப்பொறி பரவியபோது மாணவர் குறைந்தனர். தட்டச்சுப் பொறிகளை ஒவ்வொன்றாக விற்றார். 2000-ஆம் ஆண்டில் மகன் ஒரு கணிப்பொறி வாங்கித் தந்தான். பகைவனிடமே நட்புக் கொண்டதுபோல் அதன்முன் அமர்ந்து, தம் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதலானார். நாள்தோறும் காலைக் காப்பிக்குப் பின் ஒரு மணி நேரமாக, நான்கு ஆண்டுகள் எழுதினார். முடித்ததை ஒரு குறுந்தகட்டில் பதித்துப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். 2012-இல் காலமானார். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் வீட்டிற்குள் நீர் புகுந்தபோது அந்தக் கணிப்பொறி மூழ்கிப் பாழாயிற்று. குறுந்தகடு மட்டும் பிழைத்தது.

அண்மையில் அவருடைய நினைவு நாளன்று அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். அம்மையார் அத்தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். “சுவாமி, அவர் எழுதினது எல்லாம் இதுக்குள்ளே இருக்காம். யாராலேயும் படிக்க முடியலே” என்றார்.

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் முயன்று பார்த்திருக்கிறார். அவருடைய மடிக்கணினியில் தகடு செருகும் வாயே இல்லை. ரிச்சி தெருவில் அலைந்து, வெளியிலிருந்து இணைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். தகடு சுழன்றது; கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் வந்தவை ஆங்கில எழுத்துகள். அவற்றினிடையே அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் மிதந்தன. நூற்றெண்பது பக்கங்களிலும் அதே கோலம். தந்தையின் கடைசிக் காலத்தில் அருகில் இருக்க இயலாத மகள் அதைக் கண்டு அழுதுவிட்டாராம்.

இஃது ஏன் நேர்ந்தது? கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று அனைவரும் ஒப்புக்கொண்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலும். ஆங்கிலத்திற்கு அத்தகைய உடன்பாடு வெகு காலத்திற்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கு அது நடைமுறையில் வந்து சேரும்வரை பொறுத்திருக்க நம் மக்களுக்கு மனமில்லை. அதில் தவறும் இல்லை. ஆங்கில ‘எஃப்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ என்னும் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணிப்பொறியைப் பொறுத்தமட்டில் அஃது ஆங்கில ‘எஃப்’தான்; தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே. அந்தச் சட்டைக்குப் பெயர் எழுத்துரு. பெரியவர் கோப்பைச் சேமித்தாரேயன்றி எழுத்துருவைச் சேமிக்கவில்லை. மகளின் கணினியில் அந்தச் சட்டை இல்லை.

திரையின் முதல் வரியை நாம் உற்று நோக்கினோம். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ ஒரு நினைவில் விசைப்பலகைமேல் விரல்களை வைத்து அந்த ஐந்தையும் தட்டினோம். அ, ம, புள்ளி, ம, கால். ‘அம்மா!’ கண் படிக்க மாட்டாததை விரல் படித்துவிட்டது. பழைய தட்டச்சுப் பொறியின் விசையமைப்பையே அந்த எழுத்துருவும் பின்பற்றியிருந்தது. முப்பது ஆண்டுகள் அதே அமைப்பைக் கற்பித்தவர் வேறெதைத் தேர்ந்திருப்பார்?

அந்தப் பொறியின் கதையும் சுவையானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிற்குச் சென்று உழைத்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்ச விசைகளுக்குள் அடக்குவது எளிதா? சில விசைகள் தட்டினாலும் உருளை நகராதபடி அமைக்கப்பட்டன. புள்ளி அவற்றுள் ஒன்று. முதலில் புள்ளியைத் தட்டி, அதன்கீழ் எழுத்தைத் தட்ட வேண்டும். கணிப்பொறி எழுத்துருவிலோ எழுத்து முதலில், புள்ளி பின்னர். பெரியவரின் முதற்சில பக்கங்களில் புள்ளிகள் இடம் மாறிக் கிடந்ததன் காரணம் இதுவே; மூன்றாம் அத்தியாயத்தில் அவர் கை திருந்திவிடுகிறது.

கருவிக்கேற்ப எழுத்து வளைந்து கொடுப்பது நம் மொழிக்குப் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலில் எகர ஏகார வேறுபாடு கிடையாது; அந்தக் குறையை நீக்கியவர் வீரமாமுனிவர் என்பதை நம் வாசகர் அறிவர். யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் 1978-ஆம் ஆண்டின் அரசாணையால் விடைபெற்றன.

ஆனால் 1990-களில் கணிப்பொறியில் நடந்தது வேறு வகைக் குழப்பம். எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். அவர்களை நாம் குறை கூறோம். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ படைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்று நம் ஊர்ப் பெயரிட்ட எழுத்துருவை இலவசமாக வழங்கினார்; பின்னர், 1998-இல், பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் வழியே, உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்குமாகப் பிரித்த ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. உலக மொழிகள் அனைத்திற்குமான யூனிகோடு ஏற்பாட்டில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், வீட்டுக் கணிப்பொறிகள் அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல். பெரியவர் எழுதி முடித்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்!

மீண்டும் அந்த வீட்டிற்கு வருவோம். நம்முடன் வந்திருந்த இளைஞன் ஒருவன், “இதுக்கு மாத்தி இருக்கு, சுவாமி” என்று கைப்பேசியை எடுத்தான். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் இலவச ஏற்பாடுகள் இணையத்தில் உள்ளன. ஒரு பக்கத்தை இட்டான். கண்மூடித் திறப்பதற்குள் தமிழாக வந்து நின்றது. ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்த ஆயுள் காப்பீட்டுப் பத்திர எண்ணும் நண்பர்களின் முகவரிகளும் மட்டும் தமிழ் உளறலாக மாறிவிட்டன. மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாதல்லவா! அவற்றைக் கையால் திருத்த மூன்று மாலைகள் பிடித்தன.

வாசகக் குடும்பங்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய கோப்புகள் இருக்கும். வெள்ளிவிழா மலருக்கு எழுதியது, குடும்ப மரம், தாத்தாவின் கடிதம் என எதுவாயினும் இன்றே திறந்து பாருங்கள். ஒரு வரியை எடுத்துக் கைப்பேசிச் செய்தியில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் அச்சமில்லை. வேறு ஏதாவது வந்தால், எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அறிந்த இளைஞர் ஒருவரை அழையுங்கள். மாற்றியபின் தாளிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். தாளுக்குச் சட்டை வேண்டியதில்லை.

இக்காலக் கருவிகள் மட்டும் தொல்லை தராதவையா? சென்ற மாதம் கைப்பேசியில் வாயால் சொல்லி எழுதும் வசதியை நம்பி, “பூசை ஆறரை மணிக்கு” என்றோம். “பூனை ஆறரை மணிக்கு” என்று எழுதிக்கொண்டது. நாம் கவனியாமல் அன்பியக் குழுவினர் அனைவருக்கும் அனுப்பிவிட்டோம். ஒரு குறும்புக்காரர், “பால் கொண்டுவர வேண்டுமா?” என்று கேட்டிருந்தார். ஆயினும், எழுதப் படிக்கத் தயங்கும் பாட்டிகள்கூட அதே வசதியால் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் செய்தி விடுப்பதைக் காணும்போது நம் கோபம் தணிந்துவிடுகிறது.

நான்காம் மாலை, வேலை ஏறத்தாழ முடிந்திருந்தது. அதுவரை அடுக்களை வாயிலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் மெல்லக் கேட்டார்: “என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா?”

தேடினோம். ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. 1968-இல் முதன்முதலாக இரண்டு தட்டச்சுப் பொறிகள் வாங்கப் பணமில்லாமல் அவர் திகைத்து நின்றபோது, மனைவி தம் கையிலிருந்த வளையல்கள் இரண்டைக் கழற்றித் தந்தார் என்றும், அதைப் பிள்ளைகளிடம் தாம் ஒருநாளும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். இளைஞன் உரக்கப் படித்தான். கைப்பேசித் திரையில் வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள் ஒன்றும் பேசவில்லை.

அம்மையார் சிறிது நேரம் தம் மணிக்கட்டையே பார்த்தார்.

“ரெண்டா? நாலு, சுவாமி. ரெண்டு எங்க அம்மா போட்டது. அவருக்கு என்னிக்குமே கணக்கு வராது. நாலுன்னு மாத்திடுங்க.”

இறந்தவர் எழுதியதைத் திருத்தலாமா என்று நாம் தயங்கினோம். இளைஞன் தயங்கவில்லை, அந்த வரியைத் திரையில் நிறுத்தி, மடிக்கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தான். அம்மையார் மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார்.