கதிர்வீச்சைத் தடுக்கும் கண்ணாடி.. நம்ம வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள செயின்ட் கோபைன் ஆலையில் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடி தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு தகடுகளாக எடுக்கிறார்கள். கட்டடங்களுக்குப் போவது இந்த வகைக் கண்ணாடிதான். இதையே கல்பாக்கம் அணு ஆய்வுக்கூட ஜன்னலில் மாட்டலாமா? முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஜன்னல் எதுக்கு?

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலையில் எரிந்த எரிபொருளை ஆய்வு செய்கிறார்கள். அதன் பக்கத்தில் மனிதர் போக முடியாது. தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இயந்திரக் கைகளால் வேலை செய்கிறார்கள். காமா கதிர்களைத் தடுக்க, ஈயம் கலந்த கனமான கண்ணாடிப் பலகைகளை அடுக்கி வைத்து ஜன்னல் அமைக்கப்படுகிறது.

கண்ணாடி ஏன் பழுப்பாகுது?

காமா கதிர் பட்டால் கண்ணாடிக்குள் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து சிக்கிக்கொள்ளும். அவை ஒளியை உறிஞ்சுவதால் கண்ணாடி பழுப்பாகி, உள்ளே எதுவும் தெரியாது. இதற்குத் தீர்வு சீரியம். 'ரேர் எர்த்' எனப்படும் அரிய மண் தனிமங்களில் ஒன்று. சுமார் 2 சதவீதம் சீரியம் ஆக்சைடு சேர்த்தாலே போதும், அந்த எலக்ட்ரான்களை அது பிடித்துக்கொள்ளும். லேசான மஞ்சள் நிறம் வருமே தவிர, பார்வை மறையாது.

இன்டர்நெட்டுக்கும் இதே டெக்னிக்

ஃபைபர் கேபிளில் போகப் போக ஒளி மங்கிவிடும். எர்பியம் கலந்த கண்ணாடி இழைதான் அதை மீண்டும் பலப்படுத்துகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்ட சென்னை - அந்தமான் கேபிளின் நீளம் சுமார் 2,300 கி.மீ. இவ்வளவு தூரம் கடலுக்கடியில் சிக்னல் போக, இடையிடையே இப்படிப் பலப்படுத்தியே ஆகணும்.

மூலப்பொருள் எங்கே?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில், கடற்கரை மணலில் இருந்து மோனசைட்டைப் பிரிக்கிறது மத்திய அரசின் ஐஆர்இஎல். அதில் சீரியம் நிறைய உண்டு. எர்பியம் மிகவும் குறைவு. கூடவே கதிரியக்கத் தோரியமும் இருக்கு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்ப்பதற்கு கதிரியக்க அச்சமும் கடலரிப்பும் முக்கியக் காரணங்கள்.

இன்னொரு பக்கம், 2025 ஏப்ரலில் 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு விதித்தது. சொந்தமாக எடுக்க வேண்டும் என்ற குரல் அதன்பிறகு பலமாகியுள்ளது. கல்பாக்கத்தில் ஊழியரைக் காக்கும் கண்ணாடிக்குத் தேவையான தனிமம் நம்ம கடற்கரையிலேயே இருக்கு. அதை எடுக்கும்போது அங்கு வாழும் மக்களின் பாதுகாப்புக்கு என்ன உறுதி என்பதே இப்போதுள்ள கேள்வி.