டிரிக்கர் குறிப்பெடுக்கட்டும், வேலை பின்னால் நடக்கட்டும்

தீபாவளிக்கு முதல் நாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு மளிகைக்கடை; பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் அதற்குக் கிளைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் நீண்ட வரிசை. உளுத்தம்பருப்புப் பொட்டலத்தை ஸ்கேன் செய்ததும் பில் பதிவாக வேண்டும். அந்தக் கிளையின் சரக்கு இருப்பிலும் ஒன்று குறைய வேண்டும். இப்படி, ஒரு பதிவு விழுந்தவுடன் தரவுத்தளத்துக்குள் தானாக ஓடும் சிறு நிரலுக்குப் பெயர்தான் டிரிக்கர்.

ஒவ்வொரு கிளைக்கும் தனி இருப்பு அட்டவணை இருந்தால் சிக்கல் தொடங்குகிறது. கிளையின் பெயரைப் பார்த்து, அட்டவணைப் பெயரை அந்த நேரத்திலேயே ஒட்டிக் கட்டளையை உருவாக்கலாமே என்று தோன்றும். இதைத்தான் டைனமிக் எஸ்கியூஎல் என்கிறோம். பல சிறு வணிக மென்பொருள்களுக்கு அடித்தளமான மைஎஸ்கியூஎல், டிரிக்கருக்குள் இதை அனுமதிப்பதில்லை. 1336 என்ற பிழை எண்ணைக் காட்டி நிறுத்திவிடும்.

அந்தக் கட்டளையை ஸ்டோர்டு புரொசீஜர் ஒன்றில் வைத்து, டிரிக்கரிலிருந்து அழைத்தால்? எழுதும்போது ஏற்றுக்கொள்ளும், ஓடும்போது மறுக்கும். டிரிக்கர் தவறினால் விற்பனைப் பதிவும் தவறும். அதாவது, பிழை தெரியவருவது கல்லாவில், வாடிக்கையாளர் முன்னிலையில்.

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ஒரு கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே, அதன் டிரிக்கர்கள் எந்தெந்த அட்டவணைகளைத் தொடும் என்று பார்த்து மைஎஸ்கியூஎல் பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பெயரே பிறகுதான் தெரியும் என்றால் எதைப் பூட்டுவது?

வழிகள் மூன்று. கிளைகள் இரண்டு மூன்றுதான் என்றால், ஒவ்வொரு அட்டவணையின் பெயரையும் நிபந்தனையோடு வெளிப்படையாக எழுதிவிடலாம். ஆனால் புதுக்கிளை திறக்கும் ஒவ்வொரு முறையும் டிரிக்கரைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே இருப்பு அட்டவணை. அதில் கிளை எண்ணுக்கு ஒரு பத்தி. டைனமிக் எஸ்கியூஎல்லின் தேவையே போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே சிறந்தது.

பழைய அமைப்பை மாற்ற முடியாதவர்களுக்கு மூன்றாவது வழி. டிரிக்கர், 'இந்தக் கிளை, இந்தப் பொருள், இத்தனை' என்று காத்திருப்பு அட்டவணையில் ஒரு வரி மட்டும் எழுதும். சில விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஈவென்ட் அந்த வரிகளை எடுத்து, புரொசீஜர் மூலம் டைனமிக் கட்டளையை ஓட்டும். அங்கே தடையில்லை. ஒரே டிரான்சாக்ஷனில் நடப்பதால், விற்பனை ரத்தானால் குறிப்பும் ரத்தாகும். இருப்புக் கணக்கு சில விநாடி பிந்தும். அதுதான் கொடுக்கும் விலை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் டிரிக்கருக்குள்ளேயே டைனமிக் கட்டளை ஓடும். எங்கே ஓட்டினாலும் ஓர் எச்சரிக்கை: கேள்விக்குறி போன்ற இடக்குறி வைத்து மதிப்புகளைத்தான் பாதுகாப்பாகச் செருக முடியும், அட்டவணைப் பெயரைச் செருக முடியாது. ஆகவே, பெயர் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே கட்டளையில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், வெளியிலிருந்து வரும் எழுத்துகளே கட்டளையாக மாறித் தரவை அழித்துவிடக்கூடும்.

கடை நடத்துகிறவர்கள் மென்பொருள் செய்து தருபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: இருப்புக் கணக்கில் பிழை வந்தால் பில் நிற்குமா? காத்திருப்பில் தேங்கிய வரிகளை யார், எப்போது பார்ப்பார்கள்? பண்டிகைக் கூட்டம் வருவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் வாங்கிவிடுவது நல்லது.