ஊரடங்கில் தெளிந்த வானம்

கொரோனா நோய் பரவாமல் தடுக்க 2020 மார்ச் 25 முதல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நின்றன, பெரும்பாலான ஆலைகளும் மூடப்பட்டன. சில நாட்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரத்து மக்கள் மாடியேறிப் பார்த்தபோது, வெகு தொலைவிலுள்ள தௌலதார் மலைத்தொடர் பனிமுடியுடன் தெரிந்தது! பல ஆண்டுகளாக அவ்வூரார் காணாத காட்சி அது. மலை அங்கேயேதான் இருந்தது. இடையிலிருந்த திரைதான் விலகியது.

அத்திரை எதனால் ஆனது? வாகனப் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் வாயு உண்டு. அது காற்றில் சில மணி நேரமே நிலைத்திருக்கும். ஆகவே வண்டிகள் நின்றதும் விரைவில் குறைந்தது. செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களிலேயே இது தெரிந்தது. மற்றொன்று நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இத்துகள்கள் மூக்கில் சிக்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும். தில்லியில் இவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஏன் முழுவதும் மறையவில்லை? அனல் மின் நிலையங்கள் நிற்கவில்லை. விறகும் வரட்டியும் எரியும் அடுப்புகளும் அணையவில்லையே! காற்று மாசு என்றதும் லாரியைக் குறைகூறும் நாம் அடுப்பங்கரைப் புகையை எண்ணுவதில்லை. அதை விழுங்குபவர்கள் பெண்கள் என்பதாலோ என்னவோ!

இதைவிட வியப்பானது ஓசோன். வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் இவ்வாயு, தரையருகே மூச்சுக்குழலை வருத்தும் நஞ்சாகும். வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அதைச் சிதைத்துவிடும். புகை குறைந்தபோது சிதைப்பாரும் குறைந்தனர். ஆதலின் பல நகரங்களில் ஓசோன் கூடிற்று. சீனத்திலோ, 2020 பிப்ரவரியில் ஊர் அடங்கியிருந்தபோதே பெய்ஜிங் நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. காற்று அசையாமலும் ஈரம் மிகுந்தும் இருந்ததால், எஞ்சியிருந்த வாயுக்கள் துகள்களாகத் திரண்டன.

ஊரடங்கு தளர்ந்ததும் மாசு திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் தில்லியை வழக்கம்போல் புகை மூடியது. கரியமில வாயு சில மணி நேரத்தில் மறைவதன்று. ஊரடங்கு ஆண்டிலும் வளிமண்டலத்தில் அதன் அளவு உயர்ந்துகொண்டே சென்றது.

ஆண்டுக்கொரு முறை ஊரடங்கு வைத்தால் நல்லது என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வானம் தெளிந்திருந்த அதே நாட்களில்தான், கூலி இழந்த தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான மைல் தூரம் நெடுஞ்சாலைகளில் நடந்து சொந்த ஊர் சென்றனர்.