திரையிலுள்ள குறியும் ஊழியரின் காப்பும்

சிறு தொழிற்கூடங்களும் வணிக நிறுவனங்களும் இன்று சம்பளக் கணக்கை மென்பொருளிலேயே பேணுகின்றன. ஒவ்வோர் ஊழியரின் பெயருக்கு எதிரே அவருக்குரிய காப்புத் திட்டங்களும் அவற்றின் நிலையும் அதில் பதிவாகின்றன. ‘நடப்பில்’ என்ற குறியைக் கண்டதும் உரிமையாளர் மனநிறைவு கொள்கிறார். ஆயினும் அது என்றோ ஒரு நாள் எவரோ இட்ட குறியாகவே இருக்கலாம். காப்பு நடப்பில் உள்ளதா என்பதைத் தீர்மானிப்பது அக்குறியன்று. உரிய காலத்தில் செலுத்தப்பட்ட பிரீமியமே.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 436 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பு கிடைக்கிறது. காப்பு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. புதுப்பிப்புக்கான தொகை மே மாத இறுதியில் ஊழியரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பற்று வைக்கப்படுகிறது. அப்போது போதிய இருப்பு இல்லையெனில் காப்பு நின்றுவிடும். நிறுவனத்தின் மென்பொருளோ ‘நடப்பில்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் சேரலாம். ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் விபத்தல்லாத காரணத்தால் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்குக் காப்புத்தொகை கிடைக்காது. அந்நாட்களுக்குக் ‘காத்திருப்பில்’ என்ற நிலையே பொருந்தும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் இரு பங்களிப்புக் காலங்கள் உள்ளன. ஓர் ஊழியர் ஜூன் மாதத்தில் ஊதிய உயர்வு பெற்று வரம்பைக் கடந்தாலும், செப்டம்பர் முடிய அவர் திட்டத்திலேயே இருக்கிறார். அவருடைய பங்கு 0.75 சதவீதமும், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதமும் அதுவரை செலுத்தப்பட வேண்டும். ஜூனிலேயே ‘முடிவுற்றது’ எனக் குறித்தால் நிறுவனத்துக்கு நிலுவை சேரும். நோயுற்ற காலத்தில் ஊழியரின் உரிமைக்கும் இடையூறு நேரலாம்.

எனவே நாம் கைக்கொள்ள வேண்டியவை சில. விண்ணப்பித்தது, காத்திருப்பில், நடப்பில், நின்றது, முடிவுற்றது என நிலைகளைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியையும் ஆதாரத்தையும் சேர்த்துப் பதிவோம். மே மாத நடுவில், கணக்கில் 436 ரூபாயேனும் இருக்கட்டும் என ஊழியர்களுக்கு நினைவூட்டுவோம். ஜூன் முதல் வாரத்தில் பிரீமியம் பற்று வைக்கப்பட்ட பதிவை மட்டும் கேட்டுப் பார்த்த பின்னரே நிலையைப் புதுப்பிப்போம்.

பணியை விட்டு விலகுவோரிடமும் ஒரு சொல் கூறுவோம். ஜீவன் ஜோதி காப்பு அவருடைய வங்கிக் கணக்கைச் சார்ந்தது, வேலையைச் சார்ந்ததன்று. கணக்கில் இருப்பு வைத்திருந்தால் அது தொடரும். நியமனதாரர் பெயர் சரியாக உள்ளதா என்பதையும், காப்புத்தொகை கோர அணுக வேண்டிய வங்கிக் கிளை எது என்பதையும் அவர் தம் வீட்டாருக்குச் சொல்லி வைக்கட்டும். துயர் சூழ்ந்த நாளில் அக்குடும்பத்துக்குக் கைகொடுப்பது இந்த முன்னறிவே.