ஆலோசகர் பேசுகிறார், அவரை யார் கேட்கிறார்கள்?

போதைப்பொருள் எதிர்ப்புக்கான சர்வதேச நாளான ஜூன் 26 நெருங்குகிறது. உறுதிமொழி, பேரணி, பதாகை எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அதற்குள் விளக்கம் வேண்டும் என்று கேட்டு வரும் வாசகர் கடிதங்களில், குறிப்பாகக் கொல்லிமலையின் சோளக்காடு பக்கத்திலிருந்து வருபவற்றில், ஒரே குழப்பம் பல வடிவில் தலைகாட்டுகிறது. மன அழுத்தம், பதற்றம், போதைப் பழக்கம் ஆகியவற்றை ஆராய்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் யார்? டாக்டர்களா? பத்தாவது படித்த ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் குடி நின்றுவிடுமா? அப்படி நிற்கும் என்று அரசு சொன்னால் நம்பலாமா? ஒரு நிபந்தனையோடு நம்பலாம். அந்த நிபந்தனைதான் அறிவிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளை அங்கியும் நுண்ணோக்கியும் நினைவுக்கு வரும். மூளையைப் படமெடுக்கும் கூடங்களும் இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் அதற்குப் பெயர்பெற்றது. ஆனால் இந்தியாவில் போதை ஆய்வின் கணிசமான வேலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓர் ஓரத்து அறையில், இரண்டு நாற்காலிகளில் நடக்கிறது. 1996இல் கோவாவில் தொடங்கப்பட்ட ‘சங்காத்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனநல மருத்துவர் விக்ரம் படேல் அதன் நிறுவனர்களில் ஒருவர். அங்கே போதை ஆய்வுக் குழுவை நடத்துபவர் மருத்துவர் அபிஜித் நட்கர்னி. இவர்கள் பெயர்தான் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் நிற்கும். கீழே வேலை செய்பவர்கள் வேறு. வெளிநோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் களப்பணியாளர், சிகிச்சை தரும் ஆலோசகர், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதே தெரியாமல் மாதங்கள் கழித்து வந்து விளைவை அளப்பவர் என்று வேலை பிரிந்திருக்கும். களப்பணியாளர் கையில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாள்: 10 கேள்விகள், 40 மதிப்பெண்கள். இதற்கே திறமை வேண்டும். ‘ஒரே வேளையில் ஆறு அலகோ அதற்கு மேலோ குடிப்பீர்களா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அலகுக்கு 10 கிராம் என்றால், ஒரே ஒரு குவார்ட்டர் அந்த ஆறு அலகை எட்டிவிடுகிறது. ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பவரின் பேச்சை எண்ணாக மாற்றுபவர் இந்தக் களப்பணியாளர். அவர் தவறினால் மேலே வரையப்படும் எல்லா வரைபடங்களும் தவறும்.

இனி நிரூபணம். 2013 அக்டோபருக்கும் 2015 ஜூலைக்கும் இடையில் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட்டில் 12 முதல் 19 வரை மதிப்பெண் பெற்ற 377 ஆண்களைச் சங்காத் சோதனையில் சேர்த்தது. ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு சற்று மேம்படுத்தித் தரப்பட்டது. மறுபாதிக்கு அதோடு, அதிகபட்சம் நான்கு அமர்வுகள் கொண்ட ஆலோசனை. ஆலோசகர்கள் உள்ளூர்க்காரர்கள், மனநலத் துறையில் பட்டமோ முன்பயிற்சியோ இல்லாதவர்கள். கடும் மனச்சோர்வுக்கான தனிச் சிகிச்சையை அளித்தவர்களும் இவர்களே. மூன்று மாதங்கள் கழித்து அளந்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரின் மதிப்பெண் ஆபத்து எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்றவர்களில் 26 விழுக்காடு. கடந்த 14 நாட்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 42 விழுக்காடு, எதிர்ப்பக்கம் 18. 2017இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. ஓராண்டுக்குப் பிறகும் வித்தியாசம் நீடித்தது. பாராட்டுகிறவர்கள் சொல்லாமல் விடும் வரி ஒன்றும் அதே கட்டுரையில் இருக்கிறது: தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. சிலரை முழுமையாக நிறுத்த வைத்த சிகிச்சை, நிறுத்தாதவர்களைக் குறைக்க வைக்கவில்லை.

பட்டமில்லாதவர் சிகிச்சை தரலாம் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடியிலிருந்து மீண்டவர்களையும் ஆலோசகர்களாக்கியது. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. கோவாவில் புதிது வேறு. இப்படிப்பட்ட ஆலோசகர் நன்றாகத்தான் செய்கிறாரா என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை உருவானது. சோளக்காட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

நோயாளியின் சம்மதத்தோடு ஒவ்வோர் அமர்வும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஆலோசகர்கள் குழுவாகக் கூடி, அவர்களில் ஒருவரது பதிவை முழுவதுமாகக் கேட்பார்கள். கையில் ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். அதன் ஒரு பகுதி பொதுத் திறன்களுக்கானது: குறுக்கே பேசாமல் கேட்டாரா, எதிரே இருப்பவர் சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னாரா என்பது போன்றவை. மற்றொன்று இந்தச் சிகிச்சைக்கே உரியது: குடிப்பதால் வரும் கேடுகளை அவர் வாயாலேயே வரவழைத்தாரா, நண்பர்கள் ஊற்றித் தரும்போது மறுப்பதைப் பழக்கினாரா என்பன. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும், பிறகுதான் பேச்சு. தொடக்கத்தில் நிபுணர் தலைமை தாங்கினார். போகப்போக ஆலோசகர்களே கூட்டத்தை நடத்தினார்கள். நிபுணர்கள் போட்ட மதிப்பெண்ணையும் சக ஆலோசகர்கள் போட்டதையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரண்டும் ஏற்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. இதன் பொருள் பெரியது. மனநல மருத்துவர் பற்றாக்குறையுள்ள நாட்டில், மேற்பார்வைக்கும் அவரையே நம்பியிருந்தால் எந்தத் திட்டமும் மலையேறாது. மேற்பார்வையையும் உள்ளூரிலேயே வளர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஆதாரம். இன்னொரு லாபமும் உண்டு. அடுத்தவர் பதிவுக்கு மதிப்பெண் போடுபவர், தான் அடுத்த அமர்வில் என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறார். பயிற்சி வகுப்பு முடிந்த பிறகும் பயிற்சி நிற்பதில்லை.

மேலே சொன்ன நிபந்தனை இந்தத் தொடர் மேற்பார்வைதான். ஓர் ஆய்வு அரசுத் திட்டமாக மாறும்போது எது ஒட்டிக்கொள்கிறது, எது உதிர்கிறது என்று பாருங்கள். பயிற்சி முகாம் ஒட்டிக்கொள்ளும். அதைப் படம் எடுக்கலாம், சான்றிதழ் தரலாம், எண்ணிக்கை காட்டலாம். கதவைச் சாத்திக்கொண்டு பழைய உரையாடலைக் கேட்கும் ஒரு மணி நேரத்தை எந்த அறிக்கையிலும் காட்ட முடியாது. ஆகவே அது உதிரும். இது வெறும் ஊகமன்று. 1980களில் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் சோதித்த மாதிரியை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதல் மாவட்டங்களில் நமது திருச்சியும் ஒன்று. பயிற்சி தந்ததோடு சரி, தொடர் மேற்பார்வை தேய்ந்துவிட்டது என்பது அத்திட்டத்தின் மீது திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட குறை. 2020இல் தொடங்கிய மத்திய அரசின் ‘நஷா முக்த் பாரத்’ இயக்கம், கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்ததாகச் சொல்கிறது. சென்றடைந்தது விழிப்புணர்வு. சிகிச்சையின் கணக்கு வேறு: எய்ம்ஸ் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார்.

மறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, குடிப்பவர் தன் வாயால் சொன்னதை வைத்துத்தானே வெற்றியை அளந்தார்கள்? உண்மை. இரு பிரிவினரும் தம் வாயால்தான் சொன்னார்கள் என்பது பாதிப் பதில். ஆலோசகரோடு பழகியவருக்கு நல்ல பதில் சொல்லும் கூச்சம் கூடுதலாக இருக்கும் என்பதால், அது முழுப் பதிலாகாது. ஆனால் அது வெறும் கூச்சம் என்றால் நாளாக ஆகத் தேய்ந்திருக்க வேண்டும். ஓராண்டு கழித்தும் வித்தியாசம் நிலைத்ததால், சிகிச்சைக்கு ஏதோ பலன் இருக்கிறது என்றே கொள்ளலாம். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இதைக் காட்டி, டாக்டர் நியமனத்தை அரசு தட்டிக்கழிக்காதா? தட்டிக்கழிக்கலாம். அதற்கு ஆய்விலேயே தடை இருக்கிறது. 20 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்கள் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. அவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை கண்டு உயிரே போகலாம். அவர்களுக்கு மருந்தும் கட்டிலும் இரவுப் பணியில் ஒரு மருத்துவரும் வேண்டும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அதன்பின்தான் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் சமவெளிச் சாலை. மலைமேல் உள்ள செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே அந்த ஏற்பாடு இருப்பது, ஆலோசகரை நியமிப்பதற்கு முந்தைய தேவை.

மூன்றாவது மறுப்பை யாரும் எழுதியனுப்பவில்லை, ஆனால் மலைக்கு அதுதான் முக்கியம். ‘நாடு’ எனப்படும் 14 ஊர்ப்பிரிவுகளாகப் பிரிந்திருந்தாலும் கொல்லிமலையில் ஒருவருக்கொருவர் ஏதோவொரு முறையில் உறவு. குரலைக் கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பெயரை நீக்கி எண் கொடுப்பதால் பயனில்லை. ஒரு மச்சான் தன் குடியைப் பற்றியும் வீட்டுச் சண்டையைப் பற்றியும் அழுத பதிவை, மைத்துனர் முறையுள்ள ஆலோசகர் மதிப்பெண் போடக் கேட்பது சிகிச்சையாகாது, ஊர்ப்பேச்சுக்குத் தீனிதான். கோவாவின் சிறந்த கண்டுபிடிப்பு, சிறிய ஊரில் அதன் பெரிய ஆபத்தும் ஆகிறது. தீர்வு இல்லாமல் இல்லை. இங்கே பதிவானதை ஏற்காட்டு ஆலோசகர்கள் கேட்கட்டும், ஏற்காட்டில் பதிவானதை இங்குள்ளவர்கள் கேட்கட்டும். அங்கேயும் உறவு இருக்கலாம் என்பதால், அடையாளம் தெரிந்த உடனே எழுந்து வெளியேறும் விதி வேண்டும். மதிப்பெண் போட்டதும் பதிவை அழிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ரகசியம் காப்பது நோயாளிக்கு அச்சட்டம் தரும் உரிமை.

மலையில் இந்த ஆலோசனையை யார் தருவது என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்களைக் கைகாட்டுவது எளிது. 2021 ஆகஸ்ட் முதல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் தலையில் இதையும் ஏற்றினால், வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு ஊதியம் தர வேண்டும். தராவிட்டால் முதலில் போவது அந்த ஒரு மணி நேரம்தான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஆய்வுக்காரர் வந்தால் கையெழுத்துப் போட வேண்டுமா? கட்டாயமில்லை, மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

ஊர்த் தலைவர் சம்மதித்துவிட்டாரே? அவர் சம்மதம் உங்கள் சம்மதமாகாது.

இடையில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும்.

தினமும் குடிப்பவரை நாளை முதல் நிறுத்தச் சொல்லலாமா? முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மூளை ஸ்கேன் எடுத்தால் குடி நோய் தெரியுமா? ஆய்வுக்கு உதவும், நோயை உறுதிசெய்ய அது தேவையில்லை.

பெண்கள் குடித்தால் இதே சிகிச்சை போதுமா? கோவா சோதனையில் பெண்கள் இல்லை; அதை வைத்து ஆம் என்று சொல்ல முடியாது.

போனில் பேச? 14416, டெலி-மானஸ், கட்டணமில்லை.

ஜூன் 26 உறுதிமொழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தீர்கள் என்று மட்டும் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர்களின் பேச்சை யார் கேட்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம், அதற்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள். கேள்வியையும் அதிகாரி தரும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.