புதுமையும் திருச்சபையும்

புதியதொரு கண்டுபிடிப்பு வரும்போதெல்லாம் ஒரு சாரார் அதைத் தீதென்று ஒதுக்குவர். மறு சாரார் கண்ணை மூடிக்கொண்டு அதன் பின்னே ஓடுவர். திருச்சபை இவ்விரண்டையும் விடுத்து, "இதனால் எளிய மனிதனுக்கு என்ன நேர்கிறது?" என்று கேட்க வேண்டும். இதையே வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆலைகள் பெருகின. செல்வம் வளர்ந்தது; தொழிலாளரோ குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்து நலிந்தனர். சிறுவரும் ஆலைகளில் வாடினர். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அவர் இயந்திரங்களைப் பழிக்கவில்லை. குடும்பம் வாழப் போதிய கூலி, ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைத் தொழிலாளருக்காகக் கேட்டார். ஆயினும் ஆலைகள் தோன்றிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அம்மடல் வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

வானொலி வந்தபோது திருச்சபை அவ்வளவு தாமதிக்கவில்லை. மார்க்கோனியே அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலி 1931-இல் ஒலிக்கத் தொடங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. 1965-இல் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, காலத்தின் அறிகுறிகளை நற்செய்தியின் ஒளியில் ஆராய்வது நம் கடமை என்று உணர்த்தியது.

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 14-ஆம் லியோ என்னும் பெயரைப் பூண்டார். அன்றைய லியோ ஆலைத் தொழிலாளரின் துயரை நோக்கியது போல், இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளை நோக்க வேண்டும் என்பதே அதற்கு அவர் கூறிய முதன்மைக் காரணம்.

அக்கேள்விகள் நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டன. ஒரு மாணவியின் படத்தை எடுத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டிப் பரப்பச் சில நொடிகள் போதும். குற்றம் செய்தவன் மறைந்திருக்க, குற்றமற்றவள் நாணித் தலைகுனிகிறாள். வீட்டிலும் சொல்ல அஞ்சுகிறாள். அவ்வேளையில் பங்குத்தளம் அவளுக்கு என்ன செய்யும்? "கைப்பேசியைத் தொடாதே" என்னும் அறிவுரை மட்டும் அவள் கண்ணீரைத் துடைக்காது. அவளைக் குறை கூறாமல் கேட்கும் செவி வேண்டும். 1098 என்னும் சிறார் உதவி எண்ணை மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுத்தர வேண்டும். பெற்றோரும் அருட்சகோதரியரும் அவள் பக்கம் நின்று காவல்துறையை நாடத் துணை செய்ய வேண்டும்.

அன்று நேர்ந்த தாமதம் இன்று நேராதிருக்கட்டும். திருச்சபை என்பது நாமே அன்றோ? அத்தகைய படம் நம் கைக்கு வருமாயின், அதைப் பிறருக்கு அனுப்பாமல், அத்தோழியின் அருகில் சென்று நிற்போமாக!